கை நீட்டினால் நிற்கும் வண்டி

"எங்க போவணும் பாப்பா?"

"ராயபுரம், அக்கா. குத்துச்சண்டை நடக்குற அரங்கம்."

"அந்தாண்டதான் டெய்லி போய்கினு கீறேன். ஏறு."

"வேற யாரையும் ஏத்தாதீங்க. எட்டு மணிக்குள்ள இவங்க எடை பார்த்தாகணும். தவறினா போட்டியே கிடையாது."

"இந்தக் குச்சியையா எட போடப் போறாங்க? சரி, யாரையும் ஏத்தல. அல்லா மேல ஆண."

ஷேர் ஆட்டோ ஓட்டும் கௌசர் அக்காவுடன் நான் முதலில் பேசியது இதுதான். தேசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகள் நடந்த வாரம். வீரர்களை அழைத்து வரும் தன்னார்வலராக எண்ணூரில் இருந்தேன். மிசோரம் பெண் ரின்புயி, வியர்வை சிந்தி மிச்ச எடையையும் குறைக்க மழைக்கோட்டுடன் ஓடிக்கொண்டிருந்ததில் அணியின் பேருந்தைத் தவறவிட்டிருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், எச்சிலையும் கைக்குட்டையில் துப்பியபடி வந்தாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கணவரின் முதுகு போன பிறகு அக்கா இந்த வண்டியை எடுத்தார். பெண் ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் ஆட்கள் தயங்கினார்களாம். தலையைச் சொறியக் கை தூக்கியவர்களுக்கும் நிறுத்தி நிறுத்தி, அதுவே பழக்கமாகிவிட்டது.

திருவொற்றியூரில் ஒரு கை நீண்டது. வண்டி நின்றது.

"ஐயோ, காலு தானா அமுக்கிடுச்சே!"

மீன் விற்கும் கோவிந்தம்மா, வெறும் அன்னக்கூடையுடன் அதற்குள் ஏறிவிட்டார்.

"எறங்குக்கா, இது ஸ்பெசலு."

"நீயா நிறுத்துன, நீயே எறங்குன்ற. நல்லா கீதுடி உன் நாயம்! தள்ளி குந்து கண்ணு."

நான் கைப்பேசியில் மணியைப் பார்த்தேன்.

காசிமேட்டை நெருங்கியதும் சாலையே இல்லை. இரும்புச் சுவர் போலக் கன்டெய்னர் லாரிகள் மட்டும்தான். அக்கா சட்டென்று மீன்பிடித் துறைமுகத்துக்குள் ஒடித்தார். வாசலில் காவலாளி சங்கிலியை இறக்கவில்லை.

"மீன் வாங்க வர்ற வண்டிக்குதான் வழி."

கோவிந்தம்மா அன்னக்கூடையை வெளியே நீட்டினார். "இதுல இன்னா பூவா வாங்கப் போறேன்? வழிய வுடு நைனா!"

சங்கிலி இறங்கியது.

உள்ளே, படகுகளின் இடைவெளியில் கடல் தெரிந்தது. ரின்புயியின் வாயிலிருந்து கைக்குட்டை விலகியது. அவள் கேட்டதைத் தமிழில் சொன்னேன்: "மறுகரை எங்கேன்னு கேக்குறாங்க. கடலை இப்பதான் முதல்முறையா பாக்குறாங்களாம்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தலையைத் திருப்பி, வெயில் படிந்த அந்தத் தண்ணீரை, தூரத்தில் அசையாமல் நின்ற கப்பல்களைப் பார்த்தார். "ஆமா இல்ல," என்றார் மெதுவாக. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த நானும் அன்றுதான் கடலை அப்படிப் பார்த்தேன்.

"ஜெயிச்சிகினு வா" என்று ரின்புயியின் தலையில் தட்டிவிட்டு கோவிந்தம்மா இறங்கினார். மறு வாசல் வழியாக ராயபுரம் போய்ச் சேர்ந்தோம். எடை பார்க்கும் வரிசையில் கடைசி ஆள் அவள்தான். எடை சரியாக இருந்தது. வெளியே வந்து ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் நிறுத்தாமல் குடித்தாள்.

அந்த வாரம் முழுக்க அக்காதான் எங்களை அரங்க வாசலில் இறக்கினார். அனுமதி அட்டை இல்லாதவர்கள் உள்ளே வர முடியாது. இறுதிப் போட்டியன்று ரின்புயி இறங்கிப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உள்ள போயி எனக்கு ஒரு போன் போட்டு, மேல தூக்கிப் புடிச்சிக்க. படம்லாம் வாணாம், வண்டி ஓட்டிகினு பாக்க முடியாது. அவ குத்துற சத்தம் மட்டும் கேக்கணும். நா ஸ்பீக்கர்ல போட்டுடுறேன். வழில ஏறுறவங்க எல்லாரும் கேக்கட்டும்."