இடது கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

அலுவலக நடைமுறை ஒன்று உண்டு. வந்த கடிதத்துக்கு உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்பிவிட வேண்டும். துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியைப் பிறருக்கு நினைவூட்டியே பொல்லாப்புத் தேடிக்கொண்டவன் நான். என் தலை அனுப்பிய உத்தரவுகளுக்கு என் இடது கை மாதக்கணக்கில் ஓர் இடைக்காலப் பதில்கூடத் தரவில்லை.

தொடங்கியது ஒரு காலையில். தெருச் சாக்கடை பற்றி மனு எழுதிக்கொண்டிருந்தேன். நான் இடது கைக்காரன். வரி நேராகப் போகாமல் கீழே சரிந்தது. பேனா தாளைவிட்டு மேசைமேல் எழுதியது. காப்பி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். மனுவை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன், சொல் குழறியது. அதற்குள் அவள் ஆட்டோவை நிறுத்திவிட்டாள்.

இதைப் படிப்பவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த அறிவுரை ஒன்றுதான்: மனுவைப் பாதியில் விடுங்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். சீக்கிரம் வந்ததால் சேதம் குறைவு.

"கால் வந்துரும் சார். கைதான் கொஞ்சம் லேட் பண்ணும்" என்றார் மருத்துவர்.

"எவ்வளவு லேட்?"

"அதக் கைகிட்டதான் கேக்கணும்."

கால் வந்தது. கையும் ஒரு வகையில் வந்தது: மூடிக்கொள்ளும், திறக்காது. தசை இறுக்கம் (மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் தசை தானாகவே விறைத்து நிற்பது) என்று அதற்குப் பெயர். வீடு திரும்பிய நாளில், ஆட்டோவிலிருந்து இறங்க மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தேன். இறங்கியாயிற்று. கை விடவில்லை. நடுத்தெருவில் நின்றோம்.

எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். "அண்ணாச்சி, பிடிச்ச கைய முகூர்த்தம் முடிஞ்சதுமே விட்டிருக்கணும்லா? இன்னுமா பிடிச்சிருக்கிய?"

"ஆர்டர் வரலையாம் அண்ணாச்சி. வந்ததும் விடுவாக" என்று மனைவி பதில் சொல்லிக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் மணிக்கட்டில் நான்கு சிவந்த தடங்கள் இருந்தன.

அதன்பின் கதவுப் பிடி, துண்டு, அவள் சேலை முந்தானை என்று எது அகப்பட்டாலும் இதே கதைதான். உள்ளங்கையைக் கழுவக்கூடக் காலையில் அவள் வந்து பிரிக்க வேண்டும். மறுபடி எழுதுவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிடித்ததை நானே விட வேண்டும். அது போதும்.

எந்த நடைமுறையிலும் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது என் வழக்கம். இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் உறுப்புகளைப் பழக்குபவர்) சொன்னதற்கு மேல், ஒரு ரப்பர் பந்தை வாங்கி நாள் முழுவதும் அமுக்கிக்கொண்டிருந்தேன். மருத்துவரான அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"இத யாரு சார் குடுத்தா?"

"நானே வாங்கினேன்."

"உங்க கைக்குப் பிடிக்க வேற சொல்லிக் குடுக்கணுமா? விடுறதப் பழகுங்க சார்." பந்து பறிமுதல் ஆனது.

பெங்களூரிலிருந்து வந்த மகள், தன் பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். காப்பித் தட்டு அளவில் கறுப்புப் பெட்டி. வலப்பக்கம் எட்டுப் பொத்தான்கள். இடப்பக்கம், சிறு எலுமிச்சை போல் தலை வைத்த ஒரு குச்சி. இரண்டு பேர் திரையில் அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக். அதை இயன்முறை மருத்துவரிடம் காட்டினோம். அவள் குச்சியைச் சாய்த்தாள், விட்டாள். அது தானாக நடுவுக்கு வந்து நின்றது.

"நல்லாருக்கே. விட்டாத்தான வேலை செய்யுது" என்றாள். கொஞ்ச நேரம் மட்டும் ஆட வேண்டும், கை இறுகினால் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. உங்களுக்கும் அனுமதி முக்கியம். பந்து வாங்கியவன் சொல்கிறேன்.

நான் இடது கையால் முத்திரை வைத்தே ஓய்வு பெற்றவன். கடற்கரை ஈரத்தில் தாள் லேசில் மையை வாங்காது. கட்டையை முழுக் கையால் பிடித்து, மேசை அதிரக் குத்தி, மை இறங்கும்வரை அழுத்தி நிற்க வேண்டும். குச்சியையும் அப்படியே பிடித்தேன். அது கீழேயே சாய்ந்து நின்றதால், திரையில் என் ஆள் குந்தியவன் எழுந்திருக்கவே இல்லை.

சாதாரண விளையாட்டுக் கைப்பிடியோடு எதிராளியாக உட்கார்ந்திருந்த மனைவி நிதானமாக உதைத்தாள். "என்ன, ஆபீஸ் சீலா குத்துதிய? பாவம், உங்க ஆளு உக்காந்தே அடி வாங்குதான்."

"ஏளா, நீ எதை அமுக்குத?"

"யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும்."

விதிகளை மகளிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். கீழே, கீழ்மூலை, முன்னே என்ற வரிசையில் குச்சியைச் சுழற்றிப் பொத்தானை அமுக்கினால் என் ஆள் தீப்பந்து எறிவான். மூலையைத் தொடாமல் போனால் வெறும் குத்துதான். சிபாரிசு செல்லாது. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லா விதியும் தெரிந்த நான், எதுவும் தெரியாத அவளிடம் தினமும் தோற்றேன்.

"அப்பா, பிடிக்காதீங்க. தாங்குங்க, போதும்" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். உள்ளங்கை மேலே பார்க்க, குச்சி மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே நிற்க, எலுமிச்சையைக் கீழிருந்து ஏந்துவது அவள் சொல்லித் தந்த முறை. விரல்கள் மூடிக்கொள்ளப் பார்க்கும். நிறுத்துவேன். காத்திருப்பேன். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். குச்சி ஒரு திசையைத் தொட்டதற்கு அதுவே ரசீது. கையின் உணர்வு சொல்லாததைக் காது சொன்னது. ஒரு மத்தியானம் டிக், டிக், டிக் என்று மூன்றும் வரிசையாக வந்தன. தீப்பந்து பறந்தது. மனைவி குதித்துத் தப்பித்து என்னை உதைத்தாள். ஆனாலும் சாயங்காலம் அதிரசம் சுட்டாள்.

இப்போது நான் கைக்கு உத்தரவு போடுவதில்லை. வேண்டியதை நினைத்துவிட்டு, சற்று ஒதுங்கி நிற்கிறேன். உத்தரவுக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியை முன்பெல்லாம் தாமதம் என்று குறித்திருப்பேன். இப்போது அதற்குள் வசதியாக உட்கார்ந்திருக்க முடிகிறது. மற்றப்படி கை பழைய கை அல்ல. எழுத்து இன்னும் கோணல்தான். சாக்கடை மனு நிலுவையில் இருக்கிறது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வருடந்தோறும் போவோம். இந்த முறையும் போனோம். கூட்டத்தில் நான் தடுமாறாமல் இருக்க, என் இடது கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் அவளே மாட்டிக்கொண்டாள். பூட்டு விழுந்தது. கொடி மரத்தில் ஏறியதும் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் சங்கு ஊதின.

"கொஞ்சம் விடுங்க, கும்பிடணும்" என்றாள், எப்படியும் தானே பிரிக்க வேண்டும் என்று தெரிந்தவளின் குரலில்.

நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சங்கு ஊதியபோதுதான் குனிந்து பார்த்தேன். அவள் இரு கைகளும் குவிந்திருந்தன. என் இடது கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பிரிக்கலியே."

"ஆர்டர் வந்துட்டு" என்றேன்.

பதில் கிடைத்த தேதி: ஆடி பத்து.