அரிசி மாவு தேய்த்த ஆம்புலன்ஸ்

சவரி அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் கோயில் மண்டபத்தில் எழுத்துப் படிக்கும் மாலை வகுப்பில் இருந்தேன். அவருடைய பொம்மை வண்டி ஒன்றுக்கு வைக்க வேண்டிய பெயர்ச்சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன். 'மஞ்சள் பஸ், கறுப்புச் சக்கரம்.' அண்ணாச்சியின் பக்கத்து வீட்டு அந்தோணி வாசலில் நின்று, "சொடலை அண்ணாச்சி, சவரி அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பொம்மை வண்டிகளைப் பார்க்க அவர் வீட்டில் கூடிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் நான் கண்டதை நானே எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன். கை மெதுவாகத்தான் போகிறது. தலை நரைத்த பிறகு எழுத்து வந்தவன் நான். ஒரு வரி முடிந்தால் அதைத் திரும்ப வாசித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அண்ணாச்சி வியாபாரிகளுக்கு முத்துத் தரம் பிரித்தவர். குளிப்பு நின்றபின், கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியவன் நான். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்களை மாலுமிகள் எங்களுக்குத் தருவார்கள். நான் அவற்றைப் பொம்மை என்பேன். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் வகை சொல்லுவார்.

ஒரு காலையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு சிவப்பு வேன்களை வைத்தார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். "ஏலே சொடலை, முதல்ல கவுத்துப் பாரு. மேல பாக்கதெல்லாம் பெறவு" என்றார். கவிழ்த்தேன். ஒன்றின் சக்கரம் சாம்பல் நிறம், மற்றதன் சக்கரம் கறுப்பு. ஒன்றின் அடித்தகட்டில் பின்பக்கம் சின்னத் துளை இருந்தது, மற்றதில் இல்லை. அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ஆணித்தலை நசுங்கியிருந்தால் யாரோ கழற்றிப் பூட்டியது என்றும் காட்டினார். எனக்கு ஒரே குதூகலம். அன்று வீட்டுக்குப் போய்ப் பானை, செம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்ததில் வீட்டுக்காரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. அவரைப் போலவே வண்டி சேர்க்கும் நாசரேத்து டாக்டர் ஜெபராஜிடம் இருந்த, சாம்பல் சக்கரம் வைத்த பச்சை லாரி. டாக்டர் அதை யாருக்கும் கொடுக்கமாட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு கப்பலிலிருந்து வெள்ளை ஆம்புலன்ஸ் வந்தது, எண்ணெயும் கரியுமாக. மங்கிய முத்தை அரிசி மாவில் தேய்த்துத் துலக்குவது அண்ணாச்சியின் கைப்பழக்கம். இதையும் மாவைக் குழைத்துத் தேய்த்தார். வெளேரென்று வந்தது. அந்த வகை ஆம்புலன்ஸின் முன்மூடியில் ஓர் அடையாளத் தாள் ஒட்டியிருக்கும். இதில் இல்லை. தாள் ஒட்டாத வகை, அபூர்வம் என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அப்படியானால் பச்சை லாரியைத் தருகிறேன் என்று பதில் வந்தது.

டாக்டர் வரவேண்டிய ஞாயிறு காலை, அண்ணாச்சி ஜன்னல் வெளிச்சத்தில் வண்டியைச் சரித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். முன்மூடியில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் புதுப் பெயின்ட் போல மினுங்கியது. தாள் இருந்திருக்கிறது. எண்ணெயில் ஊறிக் கிடந்தது மாவோடு மாவாகப் போய்விட்டது.

அவர் மனைவி செசிலி அக்கா காப்பி கலந்துகொண்டே, லாரியை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு சொல்லலாமே என்றார். "பேரு தப்பாச் சொல்லிட்டேன் செசிலி. மொதல்ல அதத் திருப்பி எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் செருப்பைக் கழற்றுமுன்பே அண்ணாச்சி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். "டாக்டரய்யா, இது தனி வகை இல்ல. தாள் இருந்திருக்கு. நாந்தான் தேச்சுக் கெடுத்துட்டேன்." டாக்டர் சதுரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப இத அரிசி மாவு வகைன்னு வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. உலகத்துல வேற எவன்ட்டயும் இருக்காது." எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். பச்சை லாரி டாக்டரின் பையிலேயே நாசரேத்துக்குத் திரும்பிப் போனது. டாக்டர் தெருமுனை திரும்பும் வரை அண்ணாச்சி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே அலமாரியிலிருந்த வண்டிகளை எல்லாம் இறக்கினார். மாவு தேய்த்த வண்டி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். சந்தேகம் வந்த பெயர்ச்சீட்டுகளை எடுத்துவிட்டார். அவர் சொன்னதை நம்பி வாங்கியவர்களின் வீடுகளுக்குப் பஸ் ஏறிப் போய், பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார். உடம்புக்கு முடியாமல் போனபோது கீழ்த்தட்டு ஒன்று பாக்கி. சீட்டு எழுதும் வேலையை என்னிடம் விட்டார். "நான் சொன்னேன்னு எழுதாத. நீ பாத்து எழுது" என்றார்.

செசிலி அக்கா அந்த ஆம்புலன்ஸை எனக்குத் தந்துவிட்டார். என் சாமி படத்துக்குக் கீழே நிற்கிறது. அதற்குச் சீட்டும் எழுதி வைத்துவிட்டேன்: 'வெள்ளை ஆம்புலன்ஸ். தாள் இருந்தது. தேய்த்தவர் சவரி.'

மஞ்சள் பஸ்ஸுக்கு எழுதிய சீட்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. சக்கரம் கறுப்பு என்பது அவர் வாயால் கேட்டது. வரும் ஞாயிறு கீழ்த்தட்டு வண்டிகளை வெளியே எடுத்து, முதலில் அந்தப் பஸ்ஸைக் கவிழ்த்துப் பார்க்கப்போகிறேன்.