பவுனக்காவுக்கு மைக் வேண்டாம்

மைக்செட்டுத் தொழில்ல சத்தம் கூடுனாலும் திட்டு, கொறஞ்சாலும் திட்டு. பந்தல் மூலையில ஒயரோட ஒயரா சுருண்டு கெடக்குற சக மைக்செட்டுக்காரங்களுக்கு இத நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா ஒருத்தர் திட்டுனத மட்டும் காது இன்னமும் தேடுது. கிளிஞ்சல்மேட்டு பவுனக்கா. காலையில காரைக்கால் தெருவுல மீன் விப்பாங்க. கல்யாண வீட்டுல நலுங்குன்னா, மாப்பிள்ளையக் கேலி பண்ணிப் பாட அவங்களத்தான் கூப்பிடுவாங்க.

முதல் நாள்

விழிதியூர்ல ஒரு நலுங்கு. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசிக்கிட்டு இருக்காங்க. நான் ஓடிப்போய் அக்கா வாய்க்கு நேரா மைக்க நீட்டுனேன். பாட்ட நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "மீன் விக்கிற தொண்ட தம்பி இது. மைக்க மாப்பிள்ளை வூட்டுக்காரங்களுக்குக் குடு. பாவம், அவங்களும் திருப்பித் திட்டணும்ல?"

எம் பேர்ல பாட்டு

அதுலேருந்து புடிச்சுது சனி. எந்த வீட்டு நலுங்கா இருந்தாலும் கடைசி அடி எனக்குத்தான்:

மாப்பிள்ளைக்கு மாலை வந்தாச்சு – நம்ம
மைக்செட்டு மணிக்கு எப்ப வரும்?

பந்தலே சிரிக்கும். முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க! வால்யூமைக் கொறைக்கலாம்னா, மைக்கே இல்லாத தொண்டைக்கு எதைக் கொறைக்கிறது? ஒருநாள் பொறுக்கமாட்டாம, எங் கல்யாணத்துலயும் இதையேவா பாடுவீங்கன்னு கேட்டுட்டேன். "அன்னிக்கு ஒன்ன விட்டுருவேன்டா. ஒம் பொண்டாட்டியப் புடிச்சுக்குவேன்."

குத்துப் பாட்டு

தை மாசம் எனக்குக் கல்யாணம்னு முடிவாச்சு. கார்த்திகையில அக்கா போயிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

நலுங்கன்னிக்கு அந்தக் குரலாவது வேணும்னு மனசு அடிச்சுக்கிச்சு. எம் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலயே பென் டிரைவ் சொருகிப் பதிவு பண்ற வசதி இருந்துச்சு. என்னைத் திட்டுற பாட்ட நானே எதுக்குப் புடிச்சு வைக்கணும்னு ஒரு நாளும் பண்ணல. மடையன். வீடு வீடாப் போய்க் கல்யாண வீடியோ கேட்டேன். எல்லாத்துலயும் அக்கா வாய் அசையுது, மேல சினிமாப் பாட்டு ஓடுது. வீடியோக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். "நலுங்குன்னா குத்துப் பாட்டுதாண்ணே கேக்குறாங்க. ஒரிஜினல் சத்தத்த யாரு வச்சிருக்கா?"

எங்க வீட்டு நலுங்கு

எங் கன்னத்துல சந்தனம். பந்தல்ல மைக்செட்டு வேற ஒருத்தரோடது. அக்கா மவ சுகந்தியும் வந்திருந்துச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. எந்திரிச்சுப் போய், வீடு வீடா வாங்கியாந்த வீடியோவுல ஒண்ண டிவியில போட்டு, சினிமாப் பாட்டோட சத்தத்த முழுசா அமத்துனேன். கேமராவுக்குப் பின்னாடி நின்ன என் பக்கமா கை நீட்டி, அக்கா சத்தமே இல்லாம பாடுறாங்க. சுகந்தி அந்த வாயவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கண்ணத் தொடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புச்சு. "எப்ப வரும்னு அம்மா கேக்குது மாமா. வந்துருச்சுன்னு சொல்லுங்க."

இருபது வருசமா ஊர் ஊரா 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்'னு கத்துன நான், அன்னிக்கு மைக் இல்லாமலே டிவியப் பாத்துச் சொன்னேன்: "வந்துருச்சுக்கா."