முன் சீட்டில் சிவப்புச் சுவெட்டர்

கிருஷ்ணராஜ் வாடகைக் கார் ஓட்டுகிறான். காலையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அப்புத்தளை ஸ்டாண்டுக்கு வெறும் காராகத்தான் இறங்குவான். அப்போது முன் சீட் நாய் ஜிம்மிக்கு. ஹயருக்கு வருகிறவர்களைப் பின்னாலேயே ஏற்றுவான்.

உண்மையில் முன் சீட் அவன் மனைவி ஜீவராணியுடையது. கொழுந்து எடுப்பதை விட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் தன் சிவப்புச் சுவெட்டரைக் கொடியிலேயே விட்டுப் போனாள். அந்த வெயில் ஊருக்கு அது எதற்கு? அவள் வளர்த்த ஜிம்மி அதை இழுத்துப் போட்டு அதன்மேலேயே படுத்துக் கிடந்தது. குளிர் கூடிய ஒரு நாள் கிருஷ்ணராஜ் சுவெட்டரின் கைகளை மடித்து ஊசி குத்தி அதற்கே மாட்டிவிட்டான்.

இந்த மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி அந்த வீட்டு மேடம் கேட்கிறாளாம். ஜீவராணி மேடத்துக்கும் பதில் சொல்லவில்லை, இவனுக்கும் சொல்லவில்லை.

அன்று பனி இறங்கியிருந்தது. வளைவில் பொலிஸ்காரர் றிஸாத் கையைக் காட்டினார்.

"பக்கத்துல அம்மாவுக்கு ஏன் பெல்ட் இல்ல?"

கிருஷ்ணராஜ் எஞ்சினை மெதுவாக அணைத்தான். பனிக்கு அப்பால் நின்ற ஒருவர் அந்தச் சீட்டில் ஜீவராணியைப் பார்த்துவிட்டார். அது கொஞ்சம் நீடிக்கட்டும் என்றிருந்தது.

ஜிம்மி குரைத்தது.

"நாயா இது!"

"ஆமாங்க சார். பொஞ்சாதி சுவெட்டர்."

"அடுத்து லைசன்சும் எடுத்துக் குடுப்ப போல."

"நாய்க்கு பெல்ட் போடணும்னு சட்டம் இருக்குங்களா?"

"நாய்க்குன்னு தனியா இருக்கான்னு தெரியாது. கவனமா ஓட்டணும்னு இருக்கு. இது மடியில பாய்ஞ்சா ஸ்டியரிங்க யாரு பிடிக்கிறது? பின்னால கட்டு. இனி முன்னால கண்டா தண்டம்தான்."

பின் சீட்டில் கட்டினான். ஸ்டாண்ட் வரை அது முனகிக்கொண்டே வந்தது. கியர் மாற்றிய கை ஒவ்வொரு முறையும் வெறும் சீட்டில் போய் நின்றது.

மாலையில் ஜீவராணி போனில் வந்தாள். நடந்ததைச் சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான்னு நெனச்சிட்டாரா? அந்த மூஞ்சியவா?"

"பனியில தெரியல. ஒரு நிமிசம் நானும்..."

சிரிப்பு நின்றது. அவள் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இப்ப முன்னால யாருங்க?"

"யாருமில்ல."

"பெல்ட் வேலை செய்யுதா?"

"தெரியல. நீ போன பெறகு யாரு போட்டா?"

"சரிபாத்து வைங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் காருக்குப் போனான்.