ஃபார் என்றால் தூரம்

செல்லாயி எட்டாவது வரை படித்தவள். ‘ஃபார்’ என்றால் தூரம் என்பது அவளுக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் ஒன்று. அவள் புருஷன் காத்தான், திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய போர்வெல் வண்டியோடு போய் எட்டு மாதமாகச் சத்தீஸ்கரில் வேலை செய்துகொண்டிருந்தான்.

மாசி மாதம் ஒரு காலையில், துளை போடும் இரும்பு ராடு நழுவி அவன் இடுப்பில் விழுந்தது. கூட வேலை செய்யும் அன்பழகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான்.

“டாக்டர் இங்கிலீசுலயே பேசறாருங்கக்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே கேளுங்க.”

டாக்டர் மளமளவென்று பேசிவிட்டு வைத்துவிட்டார். அவள் காதில் நின்றது “ஸோ ஃபார்” மட்டும். தூரமா? எது தூரம்? பக்கத்து வீட்டு சாரதாமணியிடம் ஓடினாள். அவள் நர்சரி பள்ளியில் டீச்சர். மறுபடி போன் போட்டு டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள்.

“ஸோ ஃபார்னா இதுவரைக்கும்னு அர்த்தமுங்க. இதுவரைக்கும் உசுருக்குப் பயமில்லையாம்.”

“இதுக்கு மேல?”

“அதை அவர் சொல்லலீங்க.”

உடனே ரயிலேறத்தான் நினைத்தாள். மாமனார் படுத்த படுக்கை. கஞ்சி ஊட்ட வேறு ஆளில்லை. அதனால் தினம் சாயங்காலம் போனோடு சாரதாமணி வீட்டில் போய் நின்றாள். மூன்றாம் நாள் “ஃபார் பெட்டர்” என்றார் டாக்டர். ரொம்பவே தேவலையாம். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த நாளே “ஃபார் ஃப்ரம் நார்மல்” என்றார்.

“பழையபடி ஆகறதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்குதாமுங்க.”

“நேத்து இதே வார்த்தைக்கு நல்லதாச் சொன்னீங்களே டீச்சர்?”

“பக்கத்துல நிக்கற வார்த்தைக்குத் தக்கன மாறுமுங்க.”

பத்தாம் நாள் மத்தியானமே போன் வந்துவிட்டது. சாரதாமணி பள்ளியில் இருந்தாள். செல்லாயி தனியாகக் கேட்டாள். “ஆஸ் ஃபார் ஆஸ் வாக்கிங்” என்று தொடங்கி டாக்டர் நெடுநேரம், இந்த முறை மெதுவாகவே பேசினார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் “யெஸ் சார்” என்றாள். அந்த நாலு வார்த்தையை முணுமுணுத்தபடியே வெயிலில் பள்ளிக்கு நடந்தாள்.

சாரதாமணி வாசல் கேட்டுக்கு வந்தாள். “நடக்கறதைப் பொறுத்த வரைக்கும்னு ஆரம்பிச்சிருக்காருங்க. அதுக்கப்புறம் என்ன சொன்னாரு?”

“தெரியலீங்களே. எல்லாத்துக்கும் யெஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டனே.”

திரும்பப் போன் போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பின் எப்போது போட்டாலும் அன்பழகன்தான் எடுத்து, “கூட்டிட்டு வர்றேனுங்கக்கா” என்று மட்டும் சொன்னான்.

இருபத்திரண்டாம் நாள் அன்பழகன் காத்தானைச் சேலம் ஜங்ஷனுக்குக் கூட்டிவந்தான். போர்ட்டர்கள் இருவர் போர்வையோடு தூக்கி இறக்கினார்கள். தரையில் இழுபடாமல் செல்லாயி அவன் பாதங்களை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

“ஏனுங்க, நான் புடிச்சிருக்கறது தெரியுதுங்களா?”

காத்தான் தலையைத் தூக்கி அவள் கையைப் பார்த்தான்.

“பாத்தாத் தெரியுது புள்ள.”