அழகையா தூக்கிப் பார்த்த பெட்டரி

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் அழகையா அதைத் தூக்கிப் பார்ப்பார். இடது கையால்தான். விரல்களை அடியில் நுழைத்து, அரை அங்குலம் மட்டும் உயர்த்தி, அப்படியே பிடித்துக்கொள்வார். கண்கள் பாதி மூடும். உதடு ஒருமுறை அசையும். பிறகு ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு எடையைச் சொல்வார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் சாஹுல் ஹமீது நானாவின் பெட்டரிக் கடையில் நான் பில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதை எங்கள் தராசில் வைத்துச் சோதித்திருக்கிறோம். அரைக் கிலோ பிசகியதில்லை.

அந்தக் கை தோட்டத்தில் பழகியது. மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டுவது அவருடைய வேலை. சாக்கு கொக்கிக்குப் போகும் முன்பே எடை அவருக்குத் தெரிந்துவிடும். கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று கழித்து எழுதுவார். இருபது கிலோ தாளில் பதினேழாகும். பறித்தவளின் முகத்தைப் பார்க்காமல் அழகையா அடுத்த சாக்கைத் தூக்குவார். வாய் திறந்தால் அந்த வேலையும் போய்விடும். கடைசியில் ஒரு மழைநாளில் லொறிக்குச் சாக்கு ஏற்றும்போது வழுக்கி விழுந்து, வலது தோளோடு வேலையும் போனது.

அதன் பிறகு திகனைப் பக்கம் இறங்கி, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கப் பழகினார். இடது கையால் வலையை இழுத்து, இழுத்ததை முழங்காலுக்கு அடியில் அமுக்கிக்கொள்வாராம். கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்புவது மட்டும் அவரால் ஆகாது. அதனால் பொத்தானை அமுக்கினால் பிடிக்கிற பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் படகில் பூட்டியிருந்தார். பெட்டரி இருந்தால் அவர் மீன்காரர். இல்லாவிட்டால் கரையில் நிற்கிற ஆள்.

அந்தப் பெட்டரிதான் ஒருநாள் நின்றுபோனது. அமுக்கினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருடைய மனைவியின் தம்பி செல்லப்பா கயிறு இழுத்துப் படகை எடுத்தார். அழகையா முன்பக்கம் குந்தியிருந்து போய்வந்தார். அங்கே மீனவர் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. பெயர் பதிந்தவர் ஒரு மாதம் தன் கையால் படகை எடுக்காவிட்டால், எடுக்கிறவர் பெயருக்குப் படகின் மீன்பிடி அனுமதி மாறிவிடும். கடைக்காரர்கள் பெயரை மட்டும் பதிந்துவிட்டுக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுவதைத் தடுக்கப் போட்ட விதி. கடைக்காரர் ஒருவரும் அதில் மாட்டவில்லை. சங்கச் செயலாளர் கரையில் நின்று, யார் எஞ்சினைக் கிளப்புகிறார் என்று பார்த்துத்தான் எழுதுவார்.

அழகையா கடைக்கு வந்தது, பெட்டரி நின்ற இருபத்தாறாம் நாள். செல்லப்பா பழைய பெட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தார். அதை வாங்கி, பழைய ஈயத்துக்கு நிறுத்து, மூலையில் போட்டோம். கொண்டுவருகிற பழசைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை.

சாஹுல் ஹமீது நானா இரண்டு பெட்டரிகளை மேசையில் வைத்தார். ஒன்று சின்னது, எஞ்சின் கிளப்புவதற்கென்றே செய்தது. மற்றது உயரமாய், கறுப்பாய், வீட்டில் கரண்ட் போனால் விளக்கும் மின்விசிறியும் ஓட வைப்பது. அழகையா இரண்டையும் தூக்கிப் பார்த்தார். சின்னது பதினாறு, பெரியது முப்பதுக்கு மேல் என்றார்.

செல்லப்பா சின்னதை விரலால் தட்டினார். "மச்சான், இத வச்சு எஞ்சின கெளப்பப் போறீங்களா, பீடி பத்த வைக்கப் போறீங்களா?"

எஞ்சினுக்குச் சின்னதுதான் சரி என்றார் நானா. ஒரே மூச்சில் தள்ளுகிற பலம் அதற்குத்தான் உண்டு, பெரியது மெல்ல மெல்லக் கொடுக்கிற சாமான் என்று லேபலில் இருந்த இலக்கத்தையும் காட்டினார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வாங்க வந்தவரோடு வாதாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அழகையா என் பக்கம் திரும்பினார். "தம்பி படிச்ச புள்ள. நீங்க சொல்லுங்க."

லேபலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சின்னதை எடுங்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். செல்லப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புக்கு ஆளாக நான் விரும்பவில்லை.

"ரெண்டும் நல்லதுதான்," என்றேன்.

அவர் சின்னதை ஓரமாய்த் தள்ளி வைத்தார். பிறகு பெரியதை இன்னொருமுறை அரை அங்குலம் தூக்கினார். "தாள்ல இருக்கிறது அவங்க எழுதுறதுங்க, நானா. இருபத்திரெண்டு வருஷம் பாத்தாச்சு. கை பொய் சொல்லாது."

பில்லை நான்தான் எழுதினேன்.

பதினொரு நாள் எஞ்சின் ஒரே அமுக்கில் பிடித்ததாம். சங்கத்துப் புத்தகத்தில் மறுபடி அழகையாவின் பெயர் ஏறியது. கரையில் இருந்தவர்களிடம் பெரிய பெட்டரியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டாராம். பன்னிரண்டாம் நாள் காலை, மார்கழிப் பனிக்குள், நடுத் தண்ணீரில் பழையபடி டிக் என்றது. தனியாகப் போயிருந்தார். காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. இடது கையால் இழுத்துப் பார்த்து ஆகாமல், அவர் வலது கையால் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. தோள்தான் மறுபடி கழன்றது. இன்னொரு படகு போய் இழுத்து வந்தது.

பேராதனை ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தவரை நானாவும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. இந்த மாசம் என்ன தேதி என்று மட்டும் கேட்டார். நானா சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கடைசியாகப் படகெடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் முடிந்தது. அனுமதி செல்லப்பாவின் பெயருக்கு மாறியது. செல்லப்பா அதை ஆசைப்பட்டாரா, விதி தானாகக் கொண்டுவந்து கையில் கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அழகையா பிலிமத்தலாவையில் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலைக்குக் காவலுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு மனுஷனின் படகைப் பறித்தவன் நான் என்று நினைத்தபடியே அந்த மாதங்களைக் கழித்தேன். நானாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

சித்திரை முடிந்து செல்லப்பா கடைக்கு வந்தார். பெரிய பெட்டரி மச்சானின் வீட்டில் விளக்கு எரிக்கிறது என்றார். படகுக்கு வேறிடத்தில் சின்னது ஒன்று வாங்கினாராம். அதுவும் டிக் என்றுதான் சொன்னதாம். பிறகு மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். பெட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிள் ரப்பருக்குள்ளே பச்சைத் தூளாய் உளுத்துப்போய், ஒன்றிரண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். புதுப் பெட்டரி பூட்டும்போது அசைத்ததில் கொஞ்ச நாள் பிடித்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னாராம். ஒரு கஜம் கேபிள் மாற்றியதும் எஞ்சின் பிடித்துவிட்டது. பிறகு சும்மா பார்ப்போமென்று பெரியதையும் கொண்டுபோய்ப் பூட்டினார்களாம். அதற்கும் ஒரே அமுக்கில் பிடித்திருக்கிறது.