மட்கார்டுல ஒரு கீறல்

இன்னிக்குக் காலையில ராயபுரம் சந்துல திரும்பசொல்ல, மீன் வண்டி ஒண்ணு எங்க மொதலாளியோட கறுப்பு காரை உரசிட்டுப் போய்டுச்சு. முன் மட்கார்டுல விரல் நீளத்துக்கு வெள்ளையா கீறல்.

பட்டறைக்குப் போனா மொதலாளி காதுக்கு எட்டிடும். அதனால வண்டிய என் வூட்டாண்ட நிறுத்தி, சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். சுத்தி மங்கலாச்சு, அவ்ளோதான்.

என் மச்சான் கடலுக்குப் போறவன். "இன்னா மாமா, இதுக்கா பேஜாராவுற? படவுக்குப் பூசுற சுறா எண்ணெய் கீது, தடவு"ன்னான்.

தடவினேன். சத்தியமா சொல்றேன், கீறலைக் காணோம். என் மூஞ்சியே தெரிஞ்சுச்சு. நிம்மதியா நாஸ்தா துன்னப் போனேன்.

திரும்பி வந்தா, குப்பத்துப் பூனைங்க மொத்தமும் வண்டி மேல கீதுங்க. வழுக்காம இருக்க நகத்தால புடிச்சிகினு நக்குதுங்க. விரட்டினேன். நகத்தோடயே சறுக்கிகினு இறங்குச்சுங்க.

"எண்ணெயைத் தொடச்சிடலாம் மாமா"ன்றான் மச்சான். தொடச்சா மொதக் கீறலும் சேர்ந்து தெரியும்.

மொதலாளி சுத்த சைவம். சாயங்காலம் இதே வண்டியில குடும்பத்தோட கோயிலுக்குப் போவணுமாம்.

ஒரு கீறல்னா மீன் வண்டிக்காரனைச் சொல்லலாம். இத்தினி கீறலுக்கும் யாரைச் சொல்றது? எங்கனா டிரைவர் வேலை காலி கீதா, சொல்லுங்கப்பா.